அபராதம் கட்டியாயிற்று; ஆள் மீண்டானா?

(யூபிலி ஆண்டு நிகழ்ச்சிகளின் தொடக்கமாக, பங்கின் குடும்பங்களுக்காக நடைபெற்ற மாலைக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை. கேட்டவர்கள் பலர் விரும்பியதால் இம்மலரில் இடம் பெறுகிறது.)



யூபிலி என்றதும் புதிதாய் வர்ணம் பூசிய கோவிலும், கொடியேற்றமும், தேரும், அன்னதானமும் நம் கண்முன் வருகின்றன. அவை வேண்டியவையே. இப்பங்கை எழுப்பிய முன்னோரையும், மண் சுமந்த தாய்மார்களையும், உபகாரிகளையும் பற்றி மலரின் மற்றப் பக்கங்களில் பலர் எழுதுகிறார்கள். நாம் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் விழாவுக்குப் பொருந்தாதது போல் தோன்றலாம். குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் பிடிபடுகிறவரை என்ன செய்வது என்பதே அது.

விழா நேரத்தில் இதென்ன பேச்சு என்று சிலர் நினைக்கக்கூடும். பழைய ஏற்பாட்டில் லேவியராகமம் யூபிலிக்குக் கொடுக்கும் பொருளை நினைத்துப் பாருங்கள். ஐம்பதாம் ஆண்டில் அடிமைகள் விடுதலை பெற வேண்டும். அவரவர் தம் நிலத்துக்கும் தம் குடும்பத்துக்கும் திரும்ப வேண்டும். யூபிலி என்பது வீடு திரும்புதல். நம் பங்கில் மாலை ஆனால் வீடு திரும்பாத ஆண்கள் எத்தனை பேர் என்பது இங்கே உட்கார்ந்திருக்கும் தாய்மார்களுக்குத் தெரியும். திரும்பினாலும் எப்படித் திரும்புகிறார்கள் என்பதும் தெரியும்.

நம் குற்றம்

முதலில் நம் குற்றத்தைச் சொல்லிவிட்டுத் தொடங்குவதே நியாயம். சில ஆண்டுகளுக்கு முன் நாம் வேறொரு பங்கில் பணியாற்றியபோது நடந்தது இது. சம்பந்தப்பட்ட கணவன் மனைவி இருவரின் சம்மதத்தோடு, பெயரும் ஊரும் இல்லாமல் சொல்கிறோம்.

அவர் சரக்கு வண்டி ஓட்டுகிறவர். ‘சின்ன யானை’ என்று சொல்கிறோமே, அந்த வண்டி. வாழைத்தார் ஏற்றி மண்டிக்குக் கொண்டு செல்வது தொழில். ஒரு நாள் இரவு போலீசார் ஊதச் சொன்ன கருவியில் மாட்டிக்கொண்டார். வண்டி நிலையத்தில் நின்றது. மறுநாள் காலைப் பூசை முடியுமுன்பே அவர் மனைவி அறைவீட்டு வாசலில் வந்து நின்றார். வண்டி ஓடாவிட்டால் தவணை கட்ட முடியாது, பிள்ளைக்குப் பள்ளிப் பணம் கட்ட முடியாது என்று அழுதார். நாம் மனமிரங்கினோம். அவர் நல்ல குடும்பஸ்தர், கோவில் காரியங்களில் முன்னால் நிற்பவர் என்று வழக்கறிஞர் கையில் ஒரு நற்சான்றுக் கடிதம் கொடுத்தோம். அபராதம் 10,000 ரூபாய். அதில் பாதி அந்த அம்மாள் மகளிர் குழுவில் கடன் வாங்கியது. மீதி நாம் ஏழைகள் நிதியிலிருந்து கொடுத்தது. பணம் கட்டியாயிற்று, வண்டி வந்தது, அந்த ஞாயிறன்று அவரும் கோவிலுக்கு வந்தார். நல்ல காரியம் செய்தோம் என்ற திருப்தி நமக்கு.

மூன்று மாதம் நிறுத்தி வைக்கப்பட்ட ஓட்டுநர் உரிமம் திரும்பி வந்தது. அது வந்த ஆறாம் வாரம், வாய்க்காலில் தண்ணீர் மடை மாற்றிவிட்டுச் சைக்கிளில் வீடு திரும்பிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் மேல் அந்த வண்டி ஏறியது. பெரியவர் ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே இறந்தார். ஓட்டியவர் அன்றும் குடித்திருந்தார்.

அன்று மாலை அந்த அம்மாள் மறுபடியும் வந்தார். இம்முறை அழவில்லை. “சாமி, அன்னைக்கு வண்டிய மீட்டுக் குடுத்தீங்க. ஆள மீட்டுக் குடுக்கலீங்களே” என்றார்.

அந்த வார்த்தைக்கு அன்று நம்மிடம் பதில் இல்லை. இன்றைய உரை முழுவதும் அந்த வார்த்தைக்குப் பதில் தேடும் முயற்சிதான்.

சட்டம் என்ன சொல்கிறது

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ம் பிரிவு, 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் சாராயச் சத்து இருந்தால் வண்டி ஓட்டுவது குற்றம் என்கிறது. 2019 செப்டம்பர் முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி முதல் முறைக்கு 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். மறுமுறை என்றால் 2 ஆண்டு வரை சிறை, அபராதம் 15,000 ரூபாய். முதல் முறைக்கு உரிமத்தை 3 மாதம் நிறுத்தி வைக்கலாம். மறுமுறைக்கு ரத்தே செய்யலாம். விபத்து நேர்ந்தால், ஓட்டியவர் குடித்திருந்தார் என்று காட்டிக் காப்பீட்டு நிறுவனம் தன் பொறுப்பை மறுக்கவும் அதே திருத்தம் இடம் தருகிறது. அப்போது இழப்பீடு வண்டிக்காரர் தலையில் விழும். காணியும் தோட்டமும் விலை போகும்.

30 மில்லிகிராம் என்பது எவ்வளவு என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். ஒரு கணக்கு சொல்கிறோம். நம் உடல் மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் அளவில்தான் அதைக் கழிக்கும். இரவு 11 மணிக்கு ஒருவர் இரத்தத்தில் 150 இருந்தால், விடியற்காலை 5 மணிக்குப் பால் வண்டி எடுக்கும்போது இன்னும் 60 இருக்கும். அதாவது சட்டம் அனுமதிப்பதைப் போல் இரு மடங்கு. தூங்கி எழுந்தாயிற்று, பல் விளக்கியாயிற்று, ஒரு டம்ளர் மோர் குடித்தாயிற்று என்பதால் அது குறையாது. எலுமிச்சம் பழமும் பச்சைத் தண்ணீர்க் குளியலும் கடுங்காப்பியும் விழிப்பைத் தரலாமே ஒழிய இரத்தத்தைச் சுத்தம் செய்யா. நேரம் ஒன்றுதான் மருந்து.

சட்டம் கடுமையாகத்தான் இருக்கிறது. ஆயினும் அந்த அபராதத்தை உண்மையில் யார் கட்டுகிறார்கள் என்று பாருங்கள். குடித்தவர் கட்டுவதில்லை. அவர் மனைவியின் குழுக்கடன் கட்டுகிறது. அடகுக்குப் போன தாலிக்கொடி கட்டுகிறது. பிள்ளையின் பள்ளிப் பணம் கட்டுகிறது. தண்டனை வீட்டின் மேல் விழுகிறது. குடித்தவர் அப்படியே இருக்கிறார்.

ஞானோபதேசத்தில் படித்தது

இங்கிருக்கும் பெரியவர்களுக்கு ஒன்றை நினைவூட்ட விரும்புகிறோம். நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு ஐந்து காரியங்கள் வேண்டும் என்று சிறு வயதில் ஞானோபதேச வகுப்பில் படித்தோம். ஒன்று, செய்த பாவங்களை நினைவுக்குக் கொண்டுவருதல். இரண்டு, மனஸ்தாபப்படுதல். மூன்று, இனிச் செய்வதில்லை என்று பிரதிக்கினை எடுத்தல். நான்கு, குருவிடம் வெளிப்படையாகச் சொல்லுதல். ஐந்து, குரு கட்டளையிட்ட அபராதம் தீர்த்தல்.

அந்த ஐந்தாவதற்கும் ‘அபராதம்’ என்றுதான் பெயர். நீதிமன்றம் விதிப்பதற்கும் அதே பெயர். முதல் நான்கும் இல்லாமல் ஐந்தாவதை மட்டும் தீர்ப்பவனைப் பாவம் விட்டவன் என்று எந்தக் குருவும் சொல்லமாட்டார். ஆனால் குடித்து வண்டி ஓட்டியவன் விஷயத்தில் நாட்டுச் சட்டமும் ஐந்தாவதை மட்டுமே கேட்கிறது. அன்று நாமும் ஐந்தாவதை மட்டுமே செய்து கொடுத்தோம். என்ன செய்தேன் என்று அவர் நினைத்துப் பார்க்க ஒரு மணி நேரம் கூட யாரும் கொடுக்கவில்லை.

நினைக்க வைக்கும் தண்டனை

இந்தக் குறையை மற்றவர்களும் கண்டிருக்கிறார்கள். 1966-ம் ஆண்டு அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்துப் பீனிக்ஸ் நகரில், குடித்து ஓட்டிப் பிடிபட்டவர்களை நீதிமன்றமே வகுப்புக்கு அனுப்பும் முறை தொடங்கியது. பின்னர் இது அந்நாடு முழுவதும் பரவியது. இத்தகைய வகுப்புகளில் சாராயம் கண்ணையும் கையையும் என்ன செய்கிறது என்று கற்பிக்கிறார்கள். தான் எவ்வளவு, எப்போது, யாரோடு குடிக்கிறோம் என்று எழுதிப் பார்க்கச் சொல்கிறார்கள். குடி நோயாக முற்றியிருந்தால் வகுப்போடு நிறுத்தாமல் சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள். ஜெர்மனியில் இரத்தத்தில் ஓரளவுக்கு மேல் சாராயத்தோடு பிடிபட்டவர் உரிமத்தைத் திரும்பப் பெற வேண்டுமானால், மருத்துவரும் மனநூல் வல்லுநரும் சோதித்துத் தகுதி சொல்ல வேண்டும். உன் பழக்கம் மாறிற்றா என்பதே அங்கே முதல் கேள்வி.

நம் நாட்டிலும் வழியில்லாமல் இல்லை. குற்றவாளிகளை நன்னடத்தையில் விடுவிப்பது பற்றிய 1958-ம் ஆண்டுச் சட்டம் உள்ளது. சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தை அலுவலரின் மேற்பார்வையில் ஒருவரை விடும்போது, போதைப் பொருளைத் தொடாதிருக்க வேண்டும் என்று நீதிமன்றம் நிபந்தனை விதிக்கலாம் என்று அதன் 4-ம் பிரிவிலேயே இருக்கிறது. ஆனால் பொறுப்பின்றி வண்டி ஓட்டி உயிரைப் பறித்தவர்களுக்கு இந்தச் சலுகை தகாது என்று உச்ச நீதிமன்றம் 2000-ம் ஆண்டில் தல்பீர் சிங் வழக்கில் தீர்ப்பளித்தது. அது சரியே. ஆகவே அந்த வாசல் திறந்திருப்பது யாரும் சாகும் முன்புதான். முதல் முறை பிடிபடும் அந்த நாள்தான் அருள் தரும் நாள். அந்த நாளைத்தான் நாம் கடிதம் கொடுத்து வீணாக்கினோம்.

2019-ம் ஆண்டுத் திருத்தம் இன்னொன்றையும் சொல்கிறது. நிறுத்தி வைத்த உரிமம் திரும்ப வேண்டுமானால் ஓட்டுநர் புத்தாக்கப் பயிற்சியை முடித்திருக்க வேண்டும். நல்லதுதான். எனினும் அது வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பயிற்சி. நம் ஆட்களுக்கு வண்டி ஓட்டத் தெரியாமலா போயிற்று? கோளாறு ஸ்டியரிங்கில் இல்லை, டம்ளரில் இருக்கிறது.

ஐதராபாத்தில் பிடிபட்டவர்களை மனைவி, பெற்றோர் என்று குடும்பத்தாரோடு வரச் சொல்லி, போக்குவரத்துப் பயிற்சி நிலையத்தில் அறிவுரை வகுப்பில் உட்கார வைத்த பிறகே நீதிமன்றத்துக்கு அனுப்பும் வழக்கத்தைக் காவல் துறையினர் கொண்டுவந்தார்கள். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து கேட்பது எவ்வளவு பெரிய காரியம் என்று யோசியுங்கள். நம் சென்னை உயர் நீதிமன்றம் 2022-ல், குடித்து ஓட்டிப் பிறரைக் காயப்படுத்திய ஒருவருக்கு ஜாமீன் கொடுக்கும்போது, அடையாறு பகுதியில் சாலைச் சந்திப்பில் இரண்டு வாரம் நின்று, குடித்துவிட்டு ஓட்டாதீர்கள் என்ற துண்டுத்தாளை மக்களுக்கு வழங்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அதே ஆண்டு, தெருவில் மோட்டார் சைக்கிள் சாகசம் செய்த இளைஞரை அரசு மருத்துவமனை விபத்துப் பிரிவில் உதவிப் பணி செய்யச் சொன்னது. கை கால் முறிந்து வருகிறவர்களை ஏந்திப் பிடித்தவன் அதை எளிதில் மறக்கமாட்டான்.

எல்லா முயற்சியும் ஒன்றுபோல் அல்ல. கேரளத்தில் திருப்பூணித்துறையில் 2023-ல் குடித்திருந்த பஸ் ஓட்டுநர்களைக் காவல் நிலையத்தில் உட்கார வைத்து, இனிக் குடித்து ஓட்டமாட்டேன் என்று ஆயிரம் தடவை எழுத வைத்தார்கள். நாடே சிரித்தது. வெட்கம் ஒரு வாரம் தாங்கும். நோய்க்கு அது மருந்தாகாது.

2024 மே மாதம் புனே நகரில் நடந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். பதினேழு வயதுப் பையன் குடித்துவிட்டு ஓட்டிய விலையுயர்ந்த காரினால் இரண்டு இளம் பொறியாளர்கள் இறந்தார்கள். சில மணி நேரத்திலேயே ஜாமீன் கிடைத்தது. நிபந்தனைகளாக விபத்து பற்றி 300 சொற்களில் ஒரு கட்டுரை, 15 நாள் போக்குவரத்துப் போலீசாரோடு வேலை, குடி விடுவதற்கான ஆலோசனை ஆகியவை விதிக்கப்பட்டன. நாடு கொதித்தது. மூன்று நாளில் அந்த உத்தரவு மாறி, பையன் கண்காணிப்பு இல்லத்துக்கு அனுப்பப்பட்டான். மக்களின் கோபம் நியாயமானது. இரண்டு உயிருக்கு ஒரு கட்டுரையா என்று கேட்டார்கள். ஆனால் அந்தக் கோபத்தில், ‘ஆலோசனை, சிகிச்சை’ என்றாலே பணக்காரப் பிள்ளை தப்பிக்கும் வழி என்று பலர் முடிவு கட்டிவிட்டார்கள். அது தவறு. தண்டனைக்குப் பதிலாகச் சிகிச்சை கொடுப்பதுதான் அநியாயம். தண்டனையோடு சிகிச்சையும் கொடுப்பது நியாயம். ஐந்தாவதைத் தள்ளிவிட்டு முதல் நான்கைப் பிடிக்கச் சொல்லவில்லை. ஐந்தும் வேண்டும் என்கிறோம்.

சிகிச்சையால் எல்லாரும் திருந்திவிடுவார்கள் என்றும் சொல்லமாட்டோம். இருநூறுக்கு மேற்பட்ட ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 1995-ல் வெளியான ஒரு கணக்கின்படி, இத்தகைய வகுப்பும் சிகிச்சையும் மறுபடி குடித்து ஓட்டுவதை நூற்றுக்கு 7 முதல் 9 வரை குறைத்தன. வகுப்பு மட்டும் என்பதை விட, வகுப்பும் தனி ஆலோசனையும் தொடர்ந்த கவனிப்பும் சேர்ந்தபோதே பலன் கூடியது. நூற்றுக்கு ஏழு என்றால் சொற்பம் என்பீர்கள். சைக்கிளில் வந்த அந்தப் பெரியவர் அந்த ஏழில் ஒருவராக இருந்திருக்கலாம்.

கட்டாயத்தால் மனம் மாறுமா?

விருப்பமில்லாதவனைக் கட்டாயப்படுத்தி உட்கார வைத்தால் என்ன பிரயோசனம் என்று கேட்பவர்கள் உண்டு. நாமும் அப்படித்தான் நினைத்தோம். அந்த ஓட்டுநர் விஷயத்தில் வேறு விதமாகக் கண்டோம்.

இரண்டாம் வழக்கில் அவருக்கு ஜாமீன் கிடைத்தபோது, இம்முறை நாம் நற்சான்று கொடுக்கவில்லை. சிகிச்சைக்கு அனுப்பும்படி நிபந்தனை கேளுங்கள் என்று வழக்கறிஞரிடம் வேண்டினோம். வாரம் ஒருமுறை அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போய், மருத்துவரிடம் கையெழுத்து வாங்கி வர வேண்டும் என்று உத்தரவாயிற்று. முதல் சில வாரங்கள் அவர் கையெழுத்துக்காகத்தான் போனார். தாழ்வாரத்தில் நிற்பார், உள்ளே போவார், கேட்டதற்கு ஆமாம் என்பார், வந்துவிடுவார். ஐந்தாம் வாரமோ ஆறாம் வாரமோ அந்த மருத்துவர் ஒரு கேள்வி கேட்டாராம்: “இறந்துபோன பெரியவர் பேர் என்ன?”

அவருக்குத் தெரியவில்லை. வழக்கு எண் தெரிந்திருந்தது. வக்கீல் பீஸ் தெரிந்திருந்தது. வண்டிக்கு எவ்வளவு செலவு என்று தெரிந்திருந்தது. தாம் கொன்ற மனிதரின் பெயர் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் நம்மிடம் வந்து, “சாமி, அந்த ஐயா பேரு உங்களுக்குத் தெரியுங்களா?” என்று கேட்டார். நமக்கும் தெரியவில்லை என்பதை வெட்கத்தோடு சொல்லிக்கொள்கிறோம். இருவரும் குற்றப்பத்திரிகையை எடுத்துத் தேடிப் படித்தோம். பெயரைப் பார்த்ததும் அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். அன்றுதான் அவருக்கு முதல் காரியமும் இரண்டாம் காரியமும் நடந்தன.

மனஸ்தாபத்தை எந்த நீதிமன்றமும் கட்டளையிட முடியாது. ஆனால் ஒரு மனிதனை ஒரு நாற்காலியில் உட்காரச் சொல்லிக் கட்டளையிடலாம். நம்மில் எத்தனை பேர் விருப்பப்பட்டு ஞானோபதேசத்துக்குப் போனோம்? அம்மா காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் விட்டதால்தானே போனோம். அப்படிப் போன இடத்தில்தான் விசுவாசம் வந்தது.

பிறகு அந்தப் பெரியவர் வீட்டுக்கு நாம் மட்டும் சென்றோம். நம் சபையைச் சேர்ந்தவர்கள் அல்ல. திண்ணையில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். ஓட்டியவர் வந்து பார்க்க விரும்புகிறார் என்றோம். மகன் வெகு நேரம் பேசவில்லை. பின்பு, “அவரு வர வேண்டாமுங்க. எங்களால பாக்க முடியாதுங்க” என்றார். அதற்கு மேல் நாம் வற்புறுத்தவில்லை. மன்னிப்பு கேட்கக் கடமை உண்டு. கொடுக்கும்படி பிறரை நெருக்க நமக்கு உரிமை இல்லை. ஓட்டியவர் தமக்குரிய சிறைத் தண்டனையையும் அனுபவித்தார். இன்று ஒரு தறிப்பட்டறையில் வேலை. வண்டி தொடுவதில்லை. குடி விட்டு மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. ஆனால் கேட்டால் ஆண்டுக் கணக்குச் சொல்லமாட்டார். “இன்னைக்குக் குடிக்கலீங்க சாமி” என்பார்.

நம் மண்ணும் நம் வீடும்

கடையைத் திறந்து வைத்திருப்பவர்கள் யார், அவர்களைக் கேட்க வேண்டாமா என்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். மது எதிர்ப்பில் நம் பக்கத்துக்குப் பழைய பெருமை உண்டு. 1921-ல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியலை நாகம்மையாரும் கண்ணம்மையாரும் முன்னின்று நடத்தினார்கள். பெண்கள் தெருவுக்கு வந்த காலமா அது? 1937-ல் இராஜாஜி சேலம் மாவட்டத்தில் முதன்முதலாக மதுவிலக்கைக் கொண்டுவந்தார். 1971-ல் அது தளர்ந்தது. 1983-ல் டாஸ்மாக் தோன்றி, 2003 முதல் சில்லறைக் கடைகளையும் அரசே நடத்துகிறது. நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டதும், தமிழ்நாட்டிலிருந்து சென்ற பாலு என்பவரின் வழக்கில்தான். பின்னர் அதில் தளர்வுகள் வந்தன.

கடை இருக்கிறது என்பது உண்மை. ஆனால் சத்தி ரோட்டிலும் ஈரோடு ரோட்டிலும் இரவில் வண்டி ஓட்டுவது கடை அல்ல, நாம். கல்யாணத்துக்கும் கெடா விருந்துக்கும் ‘தனி ஏற்பாடு’ செய்வது யார்? அது இல்லாவிட்டால் மரியாதை இல்லை என்கிறவர்கள் யார்? சென்ற ஆண்டு நம் தேர்த் திருவிழாவுக்கு மறுநாள் கல்லறைத் தோட்டத்துச் சுவருக்குப் பின்னால் ஒரு சாக்கு நிறையக் காலிப் புட்டிகளை உபதேசியார் பொறுக்கினார். முந்திய இரவு அங்கிருந்து கிளம்பிய மோட்டார் சைக்கிள்களில் பலவற்றில் மூன்று மூன்று பேர் இருந்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றால் அது கடவுளின் இரக்கமே தவிர நம் புத்திசாலித்தனம் அல்ல.

இனி என்ன செய்வோம்

இந்த யூபிலி ஆண்டில் நாம் கேட்டுக்கொள்வது சில காரியங்களே.

முதலாவது, குடித்து ஓட்டிப் பிடிபட்டவருக்குச் சிபாரிசுக் கடிதம் கேட்டு இனி யாரும் அறைவீட்டுக்கு வர வேண்டாம். கொடுக்கமாட்டோம். ஆனால் நீதிமன்றத்துக்கு உடன் வருவோம். தண்டனையைக் குறைக்கச் சொல்லாமல், சிகிச்சையையும் சேர்க்கும்படி வழக்கறிஞர் வழியாக வேண்டுவோம். ஏழைகள் நிதியிலிருந்து அபராதத்துக்குக் கொடுப்பதில்லை. சிகிச்சைக்குப் போய் வரும் பஸ் கட்டணத்துக்கும், அந்நாட்களில் வீட்டு அரிசிக்கும் கொடுப்போம்.

இரண்டாவது, சிகிச்சை என்றால் மருத்துவரிடம் செல்லுங்கள். பல ஆண்டுகள் அன்றாடம் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுங்கும், தூக்கம் போகும். சிலருக்கு வலிப்பு வரும். இரண்டு மூன்று நாளில் புத்தி தடுமாறி இல்லாதவை கண்ணுக்குத் தெரியும். உயிருக்கே ஆபத்து உண்டு. பீடத்தின் முன் சத்தியம் செய்துவிட்டு வீட்டில் பூட்டி வைப்பது பக்தியாகத் தோன்றலாம், விவேகம் அல்ல. சத்தியம் செய்யட்டும், மருந்தும் சாப்பிடட்டும்.

மூன்றாவது, தாய்மார்களுக்கு ஒரு எச்சரிக்கை. குடியை நிறுத்தும் மருந்து என்று யாரோ கொடுப்பதைக் குழம்பிலும் காப்பியிலும் தெரியாமல் கலந்து கொடுக்காதீர்கள். அவற்றில் டைசல்பிராம் என்ற மருந்து இருக்கலாம். அதைச் சாப்பிட்டவர் அதன் மேல் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, இரத்த அழுத்தம் தாழ்ந்து விழக்கூடும். சாப்பிடுகிறவர் அறிந்து, மருத்துவர் பார்வையில் எடுக்க வேண்டிய மருந்து அது. உதவி எங்கே கிடைக்கும் என்று தெரியாவிட்டால், போதை மீட்புக்கான 14446 என்ற மத்திய அரசின் இலவச எண்ணில் கேட்கலாம்.

நான்காவது, ஞாயிறு மாலை நம் கோவில் மண்டபத்தில் ஓர் அறை திறந்திருக்கும். 1935-ல் அமெரிக்காவில் குடியை விட விரும்பிய இருவர் ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டதில் பிறந்த ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ என்ற தோழமை இன்று உலகெங்கும் இருக்கிறது. அந்த முறையில் கூடிப் பேச யாரும் வரலாம், எந்த மதத்தவரும் வரலாம், பெயர் எழுதமாட்டோம். சென்னையில் கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் அம்மையார் 1980-ல் டி.டி. ரங்கநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கி, ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு வழி காட்டினார். மனைவியரும் சிகிச்சையில் பங்கு பெற வேண்டும் என்பது அங்கே வற்புறுத்தப்படும் பாடம். ஆகவே மனைவியருக்கும் பக்கத்து அறை திறந்திருக்கும்.

ஐந்தாவது, இந்த யூபிலி விருந்திலும், இனி இப்பங்கில் நடக்கும் ஒவ்வொரு கல்யாணத்திலும், குடித்தவரின் சாவியை வாங்கி வைக்க இரண்டு இளைஞர்கள் வாசலில் நிற்க வேண்டும். மாமன் மச்சான் கோபித்துக்கொள்வார்கள். கோபித்துக்கொள்ளட்டும். மறுநாள் காலையில் உயிரோடு வந்து கோபித்துக்கொள்ளட்டும்.

அன்பர்களே, எரிக்கோ சாலையில் அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கிய நல்ல சமாரியன் காசு கொடுத்ததோடு போய்விடவில்லை. காயம் கட்டினான், சத்திரத்தில் சேர்த்தான், திரும்ப வந்து பார்ப்பேன் என்று சொல்லிப் போனான். நாம் அன்று காசு மட்டும் கொடுத்தோம். காயம் கட்டவுமில்லை, திரும்பப் பார்க்கவுமில்லை. அந்தக் குற்றத்தை உங்கள் எல்லார் முன்னிலையிலும் ஏற்றுக்கொள்கிறோம். இந்த உரைக்குப் பின் நம்மை எவரேனும் சிபாரிசு கேட்டு நெருக்கினால், அந்த அம்மாளின் வார்த்தையையே பதிலாகச் சொல்வோம்: வண்டி மீள்வது பெரிதல்ல, ஆள் மீள வேண்டும்.

அப்படி மீண்டு வருகிறவரைக் கோவில் வாசலில் பார்க்கும்போது, பழசைக் கிளறாமல், “வாங்க, உள்ள வந்து உக்காருங்க” என்று சொல்லுங்கள். ஒவ்வொருவரும் தம் குடும்பத்துக்குத் திரும்புவதே யூபிலி. அந்த அருளை ஆண்டவர் இப்பங்கின் ஒவ்வொரு வீட்டுக்கும் தருவாராக. அந்தப் பெரியவரின் ஆன்மாவையும், சாலைகளில் இப்படி உயிரிழந்த அனைவரையும் இந்த யூபிலித் திருப்பலியில் நினைவுகூர்ந்து மன்றாடுவோம்.